தேநீரும் தங்கமும்: மையப் பணவீக்கம் எதை எண்ணுகிறது?

1. கேள்வி

புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்தில், கடலூர் சாலையோரத் தேநீர்க் கடைகளின் விலைப்பலகை அடிக்கடி மாறுவதில்லை. பாலும் சர்க்கரையும் விலை ஏறினாலும் கடைக்காரர் சில மாதம் பொறுத்துப் பார்ப்பார். வடை கொஞ்சம் சிறுக்கும். பிறகு ஒருநாள் காலையில் பழைய எண்ணின் மேல் புது எண் ஒட்டப்பட்டிருக்கும். அப்படி ஒட்டிய எண் பிறகு இறங்கி நான் பார்த்ததில்லை.

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டுத் தொடரில் அதுவரை பதிவானதிலேயே மிகக் குறைந்த அளவு அது. உணவு விலைக் குறியீடு முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 5.02 சதவீதம் இறங்கியிருந்தது. ஆனால் உணவையும் எரிபொருளையும் கழித்துவிட்டுக் கணக்கிடும் ‘மையப் பணவீக்கம்’ அப்போதும் 4 சதவீதத்துக்கு மேலேயே நின்றது. ஒரே மாதம், ஒரே நாடு. ஓர் எண் விலைவாசி அசையவில்லை என்கிறது, மற்றொன்று வழக்கம்போல் ஏறுகிறது என்கிறது.

இவற்றில் எது விலைகளின் அடிநீரோட்டத்தைக் காட்டுகிறது என்பது பொருளியலாளர்களின் பழைய கேள்வி. இக்கட்டுரை அதைச் சற்றுக் குறுக்கி, புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன் பஞ்சாயத்துகளில் நின்று கேட்கிறது: வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம் போன்ற இடங்களில் வாழும் குடும்பத்தின் விலைவாசிப் போக்கை, நாம் இன்று மையம் என்று அழைக்கும் எண் எவ்வளவு தூரம் பிடிக்கிறது? என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைய அளவீடு தேவையானதுதான். ஆனால் இந்தியாவில் அதை வகுத்திருக்கும் முறை, பொருளின் பெயரைப் பார்த்து வகுக்கிறது, விலையின் நடத்தையைப் பார்ப்பதில்லை. அதனால் மெல்ல நகரும் விலைகள் சில வெளியே தள்ளப்பட்டு, துள்ளும் விலைகள் சில உள்ளே உட்கார்ந்திருக்கின்றன.

2. சொல்லும் அதன் பிறப்பும்

ஆங்கிலத்தில் ‘கோர்’ எனப்படுவதைத் தமிழ்நாட்டு நாளிதழ்கள் பல பெயர்களில் எழுதுகின்றன. இலங்கைத் தமிழ் வழக்கில் ‘மையப் பணவீக்கம்’ என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. முழுக் கூடைக்குமான எண்ணுக்கு அங்கே ‘முதன்மைப் பணவீக்கம்’ என்று பெயர். தெளிவு கருதி இவ்விரண்டையே இங்கே கையாள்கிறேன்.

கருத்து 1970களில் பிறந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடியும் அதை ஒட்டிய தானிய விலை ஏற்றமும் அமெரிக்க விலைக் குறியீட்டை உலுக்கின. மத்திய வங்கி வட்டியை உயர்த்தி அரபு நாடுகளின் எண்ணெய்க் கிணறுகளைத் திறக்க முடியாது, மழையை வரவழைக்கவும் முடியாது. ஆகவே அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ளதில் தேவையின் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தது. ராபர்ட் கார்டன் 1975இல் இவ்வகை அளவைப் பயன்படுத்தினார். ஓட்டோ எக்ஸ்டைன் 1981இல் அதற்கு ஒரு கோட்பாட்டு வரையறை தந்தார். மைக்கேல் பிரையனும் ஸ்டீபன் செக்கெட்டியும் 1994இல் வேறொரு வழியைக் காட்டினர். எந்தப் பொருளையும் முன்கூட்டியே குற்றவாளியாக்காமல், ஒவ்வொரு மாதமும் விலை மாற்றங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுக்கும் வழி அது. அதைப் பின்னர் பார்ப்போம்.

இந்தியாவில் கதை தாமதமாகத் தொடங்கியது. மொத்த விலைக் குறியீடே முதன்மையாக இருந்த காலத்தில், உணவல்லாத உற்பத்திப் பொருள்களின் விலையை ரிசர்வ் வங்கி மைய அளவாகப் பார்த்தது. நாடு முழுமைக்குமான நுகர்வோர் விலைக் குறியீடு 2011இல்தான் வந்தது. உர்ஜித் படேல் குழு 2014 ஜனவரியில் அதையே பணக்கொள்கையின் நங்கூரமாகப் பரிந்துரைத்தது. 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, 4 சதவீத இலக்கு, இருபுறமும் 2 சதவீத விலகல் என்ற விதி வந்தது. சட்டம் இலக்காக்குவது முதன்மைப் பணவீக்கத்தை மட்டும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். மையப் பணவீக்கத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை, விவாதத்தில்தான் இடம். இன்னும் ஒரு விந்தை: குறியீட்டை வெளியிடும் புள்ளியியல் அமைச்சகம் 2012 தொடருக்கு மையப் பணவீக்கத்தைத் தன் மாத அறிக்கையில் முதன்மை எண்ணாக அறிவித்ததில்லை. வங்கிகளும் ஆய்வாளர்களும் தாங்களே கழித்துக் கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் தசமத்தில் வேறுபடுவது அதனால்தான்.

3. நூறு ரூபாயில் முப்பத்தெட்டு

2012 தொடரின் எடைகள் 2011–12ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுச் செலவுக் கணக்கிலிருந்து வந்தவை. அதன்படி நாட்டின் ஒட்டுமொத்தக் கூடையில் உணவும் பானங்களும் 45.86, எரிபொருளும் விளக்கும் 6.84. இரண்டையும் கழித்தால் மையத்துக்கு மிஞ்சுவது 47.30. பத்திரிகைகளில் நாம் படித்தது இந்த எண்தான்.

ஊரகத்தையும் நகரத்தையும் பிரித்தால் படம் மாறுகிறது. நகரக் கூடையில் உணவு 36.29, எரிபொருள் 5.58. ஆக மையம் 58.13. ஊரகக் கூடையில் உணவு 54.18, எரிபொருள் 7.94. மையம் வெறும் 37.88. அதாவது நகரக் குடும்பம் செலவிடும் நூறு ரூபாயில் ஐம்பத்தெட்டு ரூபாயின் கதையைச் சொல்லும் அளவீடு, பாகூர்ப் பக்கம் வந்தால் முப்பத்தெட்டு ரூபாயின் கதையைத்தான் சொன்னது.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு போதும். உணவு விலை 10 சதவீதமும் மற்றவை அனைத்தும் 4 சதவீதமும் ஏறின என்று வைத்துக்கொள்வோம். ஊரகத்தில் முதன்மைப் பணவீக்கம் 7.25 வரும், நகரத்தில் 6.18. மையம் இரண்டிலும் 4 தான். ஒரே மையம், ஆனால் அதற்கும் வீட்டுச் செலவுக்கும் உள்ள தூரம் ஊரகத்தில் கூடுதல்.

இதில் வீட்டு வாடகை தனிக்கதை. நகரக் கூடையில் அதன் எடை 21.67 ஆக இருந்தது. ஊரகக் கூடையில் அந்தப் பிரிவே இருக்கவில்லை. கிராமத்தில் எல்லோரும் சொந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற பழைய அனுமானம் இது. அரியாங்குப்பத்தில் அந்த அனுமானம் விசித்திரமான விளைவைத் தந்தது. நிர்வாகத்தில் இது கொம்யூன் பஞ்சாயத்து. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ அரியாங்குப்பம் ‘கணக்கெடுப்பு நகரம்’. மாதிரி ஆய்வுகள் பின்பற்றுவது கணக்கெடுப்பின் வகைப்பாட்டை. ஆகவே ஒரே கொம்யூனுக்குள், கணக்கெடுப்பு நகரத்தின் எல்லைக்கு இந்தப்புறம் இருக்கும் வாடகை வீடு குறியீட்டின் பார்வையில் கனமானதாகவும், அந்தப்புறக் கிராமத்தில் இருப்பது எடையற்றதாகவும் இருந்தன. புதுச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டு இப்பக்கம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு எல்லைக்கோடு எந்தத் தெருவில் ஓடுகிறது என்பதே தெரியாது. வீட்டுக்காரர் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் ஏற்றுகிறார்.

4. எது நிலைத்தது, எது துள்ளுவது?

உணவை ஏன் கழிக்கிறோம்? அதன் விலை துள்ளுகிறது என்பதால். தக்காளியைப் பொறுத்தவரை இதில் சந்தேகமே இல்லை. 2023 ஜூலையில் தக்காளி விலை முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 200 சதவீதம் கூடியது. காய்கறிகள் மொத்தத்தில் 37.34 சதவீதம் ஏறின. முதன்மைப் பணவீக்கம் 7.44 சதவீதத்தைத் தொட்டது. அடுத்த ஆண்டு அதே ஜூலையில் அது 3.54. அந்த உயரத்தைப் போக்கு என்று நம்பியிருந்தால் ஏமாந்திருப்போம். மையப் பணவீக்கமோ 2023 ஜூலையிலேயே 5க்குக் கீழே வந்திருந்தது. அது தொடர்ந்து இறங்கி 2024 மே மாதம் 3.1 வரை போனது. மைய அளவீட்டின் பயனுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கடலோர ஊரான வீராம்பட்டினத்து மீனும் அப்படித்தான். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, மீன் விலை ஏறும். இது அதிர்ச்சிகூட அல்ல, பருவம். ஓராண்டு இடைவெளியில் ஒப்பிட்டாலே பெரும்பகுதி கரைந்துவிடும். ஃபெஞ்சல் புயல் வேறு வகை. 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்து புதுச்சேரியை வெள்ளக்காடாக்கி, பாகூர்ப் பகுதியின் வயல்களை மூழ்கடித்த அந்த மழை நாட்காட்டியில் இல்லாதது. இத்தகைய விலையேற்றத்துக்கு வட்டி விகிதத்தில் மருந்து தேடுவது வீண்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ‘உணவும் பானங்களும்’ என்ற பிரிவில் தக்காளியும் மீனும் மட்டுமா இருக்கின்றன? 2012 தொடரில் காய்கறியின் எடை 6.04. இறைச்சியும் மீனும் 3.61. பாலும் பால்பொருள்களும் 6.61. பாலின் விலை துள்ளுவதில்லை. கூட்டுறவு நிறுவனம் ஒரு முறை அறிவித்தால் அதுதான் பல மாதங்களுக்கு விலை. ‘சமைத்த உணவு, சிற்றுண்டி, இனிப்பு’ என்ற உட்பிரிவின் எடை 5.55. உணவகச் சாப்பாடும் வடையும் இதில் அடங்கும். மதுவல்லாத பானங்கள் 1.26. கடைக்காரரின் கூலி, கடை வாடகை, எரிவாயு, பால் எல்லாம் சேர்ந்து, பொறுத்துப் பொறுத்து, கடைசியில் ஏறும் விலைகள் இவை. ஏறினால் இறங்காதவை. பொருளியலாளர்கள் ‘ஒட்டும் விலை’ என்று எதைச் சொல்கிறார்களோ அதன் அசல் மாதிரி நம் ஊர்த் தேநீர்க் கடைப் பலகைதான்.

இன்னும் வேடிக்கை: புள்ளியியல் அமைச்சகம் வெளியிடும் ‘நுகர்வோர் உணவு விலைக் குறியீடு’ 2012 தொடரில் இந்தச் சமைத்த உணவையும் பானங்களையும் சேர்க்கவில்லை. அதன் எடை 39.06 தான். மைய அளவீடோ உணவுப் பிரிவு முழுவதையும் வெட்டியது. ஆகவே தேநீரும் சிற்றுண்டியும் உணவுக் குறியீட்டிலும் இருக்கவில்லை, மையத்திலும் இருக்கவில்லை. செய்தியில் வரும் இரண்டு எண்களில் எந்த வீட்டுக்கும் சேராத பிள்ளை. இந்தப் பிள்ளை சிறியதும் இல்லை. 2023–24 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி, பானங்களும் சிற்றுண்டியும் பதப்படுத்திய உணவும் சேர்ந்து ஊரகக் குடும்பச் செலவில் 9.84 சதவீதம். பாலைவிட, காய்கறியைவிட அதிகம்.

மறுபக்கத்தைப் பார்ப்போம். மையத்துக்குள் என்ன இருக்கிறது? பெட்ரோல் இருக்கிறது. 2012 தொடரில் ‘எரிபொருளும் விளக்கும்’ என்ற பிரிவு சமையல் எரிவாயு, மின்சாரம், மண்ணெண்ணெய், விறகு முதலியவற்றுக்கு உரியது. வண்டிக்குப் போடும் பெட்ரோலும் டீசலும் போக்குவரத்துக்குள் அடங்குவதால், எரிபொருளைக் கழித்ததாகச் சொல்லும் மையத்தில் அவை அப்படியே தங்கிவிடுகின்றன. ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டால் மட்டும் மாறும் மின்கட்டணம் வெளியே, உலகச் சந்தையோடும் வரியோடும் ஆடும் பெட்ரோல் உள்ளே! புதுச்சேரியில் இந்த ஆட்டத்தை எல்லைச் சாலையிலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டைவிட இங்கே வரி குறைவு என்பதால் கடலூர்க்காரர்கள் இப்பக்கம் வந்து டாங்க் நிரப்பிப் போவது ஊரறிந்த விஷயம். மத்திய அரசு 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் கலால் வரியைக் குறைத்தது. புதுச்சேரி அரசு 2025 ஜனவரியில் மதிப்புக்கூட்டு வரியைச் சற்று உயர்த்தியது. இவை எதுவும் தேவையின் அழுத்தம் அல்ல, அரசாணைகள். ஆனாலும் மையக் கணக்கில் பன்னிரண்டு மாதம் பணவீக்கமாகவோ வீழ்ச்சியாகவோ நின்றுவிட்டுப் போகும். மதுவுக்கும் இதே நிலை. 2020இல் புதுச்சேரி விதித்த கொரோனா வரியும் அடுத்த ஆண்டு அதை நீக்கியதும் ‘பான், புகையிலை, போதைப்பொருள்’ என்ற பிரிவில் வரும். அந்தப் பிரிவு மையத்தின் உறுப்பு, 2012 தொடரில் ஊரக எடை 3.26.

எல்லாவற்றையும்விடத் தங்கம்தான் இந்த வகைப்பாட்டின் பலவீனத்தை அம்பலப்படுத்தியது. 2012 தொடரில் தங்கத்தின் எடை 1.08, ‘தனிநபர் பராமரிப்பும் உடைமைகளும்’ என்ற தலைப்பின் கீழ். எடை குறைவு என்று தோன்றும். ஆனால் நிலையான எடை கொண்ட குறியீட்டில், மற்றவற்றைவிட வேகமாக ஏறிய பொருளின் உண்மையான செல்வாக்கு ஆண்டுக்காண்டு பெருகும். 2012க்கும் 2025க்கும் இடையில் பொதுக் குறியீடு ஏறத்தாழ இரட்டிப்பானது. தங்கம் ஏறத்தாழ நான்கு மடங்கானது. ஆகவே தங்கத்தின் நடைமுறை எடையும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. 2025 அக்டோபரில் சென்னையில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியபோது, தனிநபர் பராமரிப்புப் பிரிவின் பணவீக்கம் 24 சதவீதத்தை நெருங்கியது. தங்கத்தையும் வெள்ளியையும் நீக்கிப் பார்த்தால் அந்த மாத மையப் பணவீக்கம் 3 சதவீதத்துக்கும் கீழே.

தங்கம் ஏறுவது நம் குடும்பங்களுக்கு எந்த அளவில் செலவு என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவருக்கு அது வயிற்றில் நெருப்பு. பெட்டியில் நாலு சவரன் வைத்திருந்து நடவுக்கு அடகு வைப்பவருக்கோ அதே நகைக்குக் கூடுதல் கடன் கிடைக்கிறது. ஒரே விலையேற்றம் ஒருவருக்கு நுகர்வுச் செலவு, மற்றவருக்குச் சொத்தின் பெருக்கம். இதைப் போய் ‘அடிநீரோட்டம்’ என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

5. ஓரம் நறுக்குதலும் நடுவில் நிற்பதும்

பெயரைப் பார்த்துக் கழிப்பதற்கு மாற்று, நடத்தையைப் பார்த்துக் கழிப்பது. பிரையனும் செக்கெட்டியும் சொன்ன வழி இதுதான். மாதாமாதம் எல்லாப் பொருள்களின் விலை மாற்றத்தையும் வரிசைப்படுத்தி, இரு ஓரங்களையும் நறுக்கிவிட்டுச் சராசரி எடுக்கலாம். அல்லது எடைகளைக் கூட்டிக்கொண்டே போய்ப் பாதியைத் தொடும் இடத்தில் நிற்கும் பொருளின் மாற்றத்தை எடுக்கலாம். பள்ளிக் கணக்கில் படித்த இடைநிலை அளவுதான், எடையோடு.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நூறு ரூபாயில் காய்கறிக்கு 10, அரிசிக்கு 20, வெளியில் சாப்பிடுவதற்கு 15, பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் 30, பேருந்துக்கும் கைப்பேசிக்கும் 15, துணிக்கு 10. ஓராண்டில் காய்கறி 40 சதவீதம், அரிசி 5, வெளிச்சாப்பாடு 7, பள்ளியும் மருத்துவமும் 6, பேருந்தும் கைப்பேசியும் 2, துணி 3 சதவீதம் ஏறுகின்றன. முதன்மைப் பணவீக்கம் 8.45. உணவு மூன்றையும் வெட்டினால் மையம் 4.36. எடையிட்ட இடைநிலை 6. வெளிச்சாப்பாட்டை மட்டும் மையத்துக்குள் திருப்பிச் சேர்த்தால் 4.93. நான்கு எண்களும் ஒரே குடும்பத்தின் ஒரே ஆண்டைப் பற்றியவை. அடுத்த ஆண்டு காய்கறி பழைய விலைக்குத் திரும்பினாலும் அந்தக் குடும்பத்தின் அன்றாடம் எந்த வேகத்தில் ஏறும் என்று கேட்டால், நான் 6க்கு அருகில்தான் பந்தயம் கட்டுவேன்.

இந்தியச் சூழலில் இம்முறையைக் கையாண்டவர்கள் உண்டு. லாரன்ஸ் பால், அனுஷா சாரி, பிராச்சி மிஸ்ரா மூவரும் இந்தியப் பணவீக்கத்தைப் பற்றி எழுதிய ஆய்வில், எடையிட்ட இடைநிலையையே மையமாகக் கொண்டனர். ரிசர்வ் வங்கியும் ஓரம் நறுக்கிய சராசரிகளையும், பெட்ரோல், டீசல், தங்கம், வெள்ளி நீக்கிய மையத்தையும் தன் அறிக்கைகளில் பார்க்கிறது.

எதிர்வாதம் வலுவானது. விலை மாற்றங்கள் சமச்சீராகப் பரவியிருந்தால் இடைநிலை நியாயமானது. நம் நாட்டில் உச்சிக்குத் தாவும் பொருள்கள் பெரும்பாலும் உணவுகள், அவை தாவுவதும் மேல்நோக்கியே மிகுதி. ஒவ்வொரு மாதமும் அந்த ஓரத்தை நறுக்கிக்கொண்டே இருந்தால், நீண்டகாலச் சராசரி முதன்மைப் பணவீக்கத்துக்குக் கீழேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட அளவு போக்கைக் காட்டாது, போக்கைக் குறைத்துக் காட்டும். பொதுமக்களுக்கு விளங்கவைப்பதும் கடினம். ‘உணவு நீங்கலாக’ என்றால் எல்லோருக்கும் புரியும். ‘இந்த மாதம் நடுவில் நின்றது முடிவெட்டுக் கூலி’ என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் அறிவித்தால் சிரிப்பார்கள்.

6. அலையா, நீரோட்டமா?

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு நம்பிக்கை: உணவு விலை அலை, மற்றவை நீரோட்டம், அலை எழுந்தாலும் கடைசியில் நீர்மட்டத்துக்கே திரும்பும் என்பது. இந்திய வரலாற்றில் இதற்கு ஒரு பெரிய எதிர்ச்சான்று உண்டு. 2009 முதல் 2013 வரையான ஆண்டுகளில் சில்லறைப் பணவீக்கம் இரட்டை இலக்கத்தை ஒட்டியே திரிந்தது, முன்னணியில் நின்றது உணவு. அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சுபீர் கோகர்ண் 2010இல் புரதத்தின் விலையைப் பற்றி ஆற்றிய உரை இன்றும் படிக்கத் தக்கது. வருமானம் கூடும்போது மக்கள் பால், முட்டை, பருப்பு, இறைச்சியை நோக்கி நகர்கிறார்கள், விளைச்சல் அந்த வேகத்தில் வருவதில்லை, ஆகவே இந்த விலைகள் ஒரு மழைக்கு ஏறி மறு மழைக்கு இறங்குபவை அல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த ஆண்டுகளில் மையத்தை மட்டும் பார்த்தவர்கள் நோயின் முக்கால்வாசியைக் கவனிக்காமல் விட்டார்கள். ஊரகக் கூலி ஏறி, அது பிற விலைகளுக்கும் பரவியபோது மையமே முதன்மையை நோக்கி நகர்ந்தது.

ராகுல் ஆனந்த், ஈஸ்வர் பிரசாத், போயாங் ஜாங் மூவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு கோட்பாட்டு அடித்தளம் தருகிறது. செலவில் உணவின் பங்கு மிகுந்து, பலருக்குக் கடன் எட்டாத நாட்டில், மையத்தை இலக்காகக் கொள்வதைவிட முழுக் கூடையை இலக்காகக் கொள்வதே நலன் தரும் என்பது அவர்கள் முடிவு.

விவாதம் 2024இல் மீண்டும் மூண்டது. ரிசர்வ் வங்கியின் கொள்கை வட்டியான ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரி முதல் 6.5 சதவீதத்தில் அசையாமல் நின்றது. மையம் 3.1க்கு இறங்கியும் உணவு விலையைக் காரணம் காட்டி வட்டி குறைக்கப்படவில்லை. தலைமைப் பொருளாதார ஆலோசகர் வெ. அனந்த நாகேஸ்வரன் தலைமையில் எழுதப்பட்டு அந்த ஜூலையில் வெளிவந்த மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, உணவு நீங்கிய பணவீக்கத்தை இலக்காக்குவதை ஆராயலாம் என்றது. ரிசர்வ் வங்கித் தரப்பில் அப்போதைய துணை ஆளுநர் மைக்கேல் பாத்ராவும் அவர் சகாக்களும் வங்கியின் ஆகஸ்ட் மாத இதழில் மறுத்து எழுதினார்கள். உணவு விலை அழுத்தம் நீடிக்கிறது, அது பிற விலைகளுக்குள் கசியக்கூடும் என்றார்கள். முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன், மக்கள் உணரும் விலைகளை விட்டுவிட்டு ஓர் இலக்கை அடைந்ததாகச் சொன்னால் நம்பிக்கைதான் போகும் என்ற நோக்கில் பேசினார்.

பின்னர் நடந்ததை வைத்து எடைபோட்டால் இரு தரப்பும் பாதி சரி. 2024 அக்டோபரில் உணவுப் பணவீக்கம் 10.87 சதவீதமாக இருந்தது. ஓராண்டில் அது எதிர்மறைக்குப் போனது. ஆக, அது பெரும்பாலும் காய்கறி அலைதான். ஆய்வறிக்கையின் நோயறிதல் அந்த ஆண்டுக்குப் பொருந்தியது. ஆனால் அந்த ஓராண்டை வைத்து இலக்கையே மாற்றுவது, 2009–13ஐ மறப்பதாகும். அலையும் நீரோட்டமும் ஒரே உணவுப் பிரிவுக்குள் கலந்து கிடக்கும்போது, பிரிவையே தூக்கி எறிவதால் இரண்டும் பிரிந்துவிடாது.

கடல் தாண்டி ஒரு பார்வை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி முதன்மைப் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9. மையமும் 50 சதவீதத்தைத் தொட்டது. நாணயமே சரிந்தபோது அலைக்கும் நீரோட்டத்துக்கும் இடையே வேறுபாடு எஞ்சவில்லை. மைய அளவீடு அமைதிக் காலத்துக் கருவி.

7. அரிசியா, பணமா?

புதுச்சேரிக்கென்றே உரிய ஒரு வழக்கு உண்டு. 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் உணவு மானியத்தைத் தானியமாகத் தராமல் வங்கிக் கணக்கில் பணமாகச் செலுத்தும் திட்டம் தொடங்கியது. புதுச்சேரி அரசின் இலவச அரிசியும் பின்னர் ‘அரிசியா, பணமா’ என்ற சர்ச்சைக்குள் வந்தது. அரிசி வேண்டும் என்றது முதல்வர் நாராயணசாமியின் அரசு, பணம்தான் என்றார் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பணத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, அரிசியோடும் சர்க்கரையோடும் மறுபடி திறந்தன.

இந்த வழக்கை விலைக் குறியீட்டின் கண்ணால் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்தால் சுவையானது. ஒரு குடும்பம் உண்பது அதே அரிசி. ரேஷனில் இலவசமாக வந்தால் அதற்கு விலை பூஜ்யம். பணமாக வந்தால் மளிகைக் கடையில் சந்தை விலைக்கு வாங்குகிறார்கள். செலவும் கூடுகிறது, வருமானமும் கூடுகிறது. எடை நிலையான குறியீடு பூஜ்ய விலையைக் கையாளத் தெரியாதது: விலை நூறு சதவீதம் விழுந்தது என்று சொல்லலாம், ஆனால் நாளை ஒரு ரூபாய் வைத்தால் எத்தனை மடங்கு ஏறியது என்று சொல்ல முடியாது. 2023 ஜனவரியிலிருந்து தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத் தானியம் நாடு முழுவதும் இலவசமானபோது இதே முடிச்சு தேசிய அளவில் விழுந்தது. புள்ளியியல் அமைச்சகம் இதற்கெனவே விவாதக் குறிப்பு வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டியிருந்தது.

கையில் பணம் பெற்ற குடும்பத்துக்கு அரிசி விலையேற்றம் நேரடியாக உறைத்தது, ஏனெனில் கிடைத்த தொகை விலையோடு சேர்ந்து ஏறவில்லை. அரிசி பெற்ற குடும்பத்துக்கு உறைக்கவில்லை. மைய அளவீடு இரு குடும்பங்களையும் கண்டுகொள்ளாது, அரிசி அதன் எல்லைக்கு வெளியே.

8. அளப்பவர், அளக்கப்படுபவர்

2012 தொடருக்கு விலை சேகரிக்கப்பட்டது நாடு முழுவதும் 1,181 கிராமங்களிலும் 1,114 நகரச் சந்தைகளிலும். புதுச்சேரியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 12.48 லட்சம். மாத அறிக்கையின் மாநிலவாரிப் பணவீக்க அட்டவணை 50 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட மாநிலங்களை மட்டுமே பட்டியலிட்டதால், புதுச்சேரி அதில் வரவில்லை. தொழிலாளர் பணியகத்தின் தொழிற்சாலைத் தொழிலாளர் குறியீட்டில் புதுச்சேரி ஒரு மையமாக உண்டு. ஆனால் பாகூர் வயல்களில் வேலை செய்பவருக்கு உரிய வேளாண் தொழிலாளர் குறியீடு, 1986–87 அடிப்படையில், 20 மாநிலங்களோடு நின்றது, அதில் புதுச்சேரி இல்லை. நூறு நாள் வேலையின் கூலி அந்தக் குறியீட்டோடு பிணைக்கப்பட்டது. இங்கே தமிழ்நாட்டின் கூலியே வழங்கப்பட்டது: 2024–25இல் 319 ரூபாய், 2025–26இல் 336. அந்தப் பழைய தொடரில் உணவின் எடை மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். 2019ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய தொடர் 2025 ஜூலையில்தான் வந்தது.

ரிசர்வ் வங்கியின் வீட்டுப் பணவீக்க எதிர்பார்ப்பு ஆய்வும் பல ஆண்டுகளாகப் பெருநகரங்களில் கேட்டதுதான். அதில் குடும்பங்கள் உணர்வதாகச் சொல்லும் பணவீக்கம் அதிகாரபூர்வ எண்ணைவிடப் பெரும்பாலும் கூடுதல். மக்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று இதைத் தள்ளுவது எளிது. அவர்கள் தினம் பார்க்கும் விலை தேநீர், காய்கறி, பேருந்துக் கட்டணம், எப்போதாவது பார்ப்பது துணியும் தொலைக்காட்சிப் பெட்டியும் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

2024ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய நுகர்வோர் விலைக் குறியீட்டுத் தொடர் 2023–24 செலவு ஆய்வின் எடைகளோடு 2026இல் வந்தது. அந்த ஆய்வில் ஊரகச் செலவில் உணவின் பங்கு 47.04 சதவீதம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பாதிக்கு மேல் இருந்தது. ஊரக வாடகையும் கணக்கில் சேர்ந்தது. ஆகவே ஊரகத்தின் மையம் 37.88இலிருந்து விரிந்தது. வகைப்பாடும் மாறியது. ஐ.நா.வின் 2018ஆம் ஆண்டு நுகர்வு வகைப்பாட்டின்படி உணவகங்களும் தங்குமிடங்களும் தனிப் பிரிவு, வீட்டில் சமைக்கும் உணவோடு அவை சேராது. அப்படியானால் ‘உணவு நீங்கலாக’ என்று இனிக் கழிக்கும்போது தேநீர்க் கடை வெட்டப்படாமல் மையத்துக்குள் வந்து அமரும். நகை இருந்த இடத்திலேயே இருக்கும்.